பேக்கிங் மேசையில் என்டர் விசை யாருக்கு? டயலாக் எழுத எந்த ஸ்கிரிப்ட் மொழி?

திருப்பூர் என்றால் ஏற்றுமதி, வரிசை வரிசையாகத் தையல் ஓடும் பவர் டேபிள் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். செக்கிங், அயனிங், பேக்கிங் மட்டும் எடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் சந்துக்குச் சந்து இருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. அங்கே இருப்பதெல்லாம் ஒரு கணினி, ஒரு பார்கோடு ஸ்கேனர், ஒரு லேபிள் பிரிண்டர். அங்கிருந்து வரும் கோரிக்கையும் ஏறக்குறைய ஒன்றேதான்: "கார்ட்டன் லேபிளை ஸ்கேன் பண்ணோணும், சைஸ் போடோணும், பீஸ் போடோணும், சேவ் ஆகோணும். மவுஸைத் தொடற வேலையே இருக்கக் கூடாதுங்க."

நியாயமான கோரிக்கைதான். இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம். நான்கு கட்டமும் இரண்டு பட்டனும் உள்ள ஒரு டயலாக், அதாவது திரையில் எழும் ஒரு சின்னப் பெட்டி, போதும். எக்செல் விபிஏ, பவர்ஷெல், ஆட்டோஹாட்கீ, பைத்தானின் டிகின்ட்டர், பிரவுசருக்குள் ஜாவாஸ்கிரிப்ட் என்று பல வழி இருக்கிறது. எதில் வரைந்தாலும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். கீபோர்டில் கை வைத்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். அதனால் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் இவற்றைப் பிரித்துப் பார்க்கிறேன்: விசையை அழுத்தியதும் அது முதலில் யார் கைக்குப் போகிறது? நம் ஸ்கிரிப்டுக்கா, நமக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் வேறு யாருக்காவதா?

என்டருக்கு இரண்டு முதலாளிகள்

இந்த வட்டாரத்தில் கணக்கு எழுதுபவர்களின் விரல் டேலியில் பழகியது. டேலியில் என்டர் என்றால் அடுத்த கட்டம். எல்லாம் சரி, பதிவு செய் என்பதற்குக் கன்ட்ரோல்-ஏ. எஸ்கேப் என்றால் ஒரு படி பின்னால். விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9 என்று தூக்கத்திலும் சொல்வார்கள். விண்டோஸ் டயலாக்கின் மரபு வேறு. அங்கே அடுத்த கட்டத்துக்குப் போக டேப். என்டர் அழுத்தினால் ஓகே பட்டனையே அழுத்தியதாகக் கொள்ளும். கன்ட்ரோல்-ஏ கட்டத்தில் உள்ள எழுத்தையெல்லாம் செலக்ட் செய்யும். நாளெல்லாம் டேலியில் இருந்துவிட்டு நடுவில் இரண்டு நிமிடம் நம் டயலாக்குக்கு வருபவரிடம் "இதுல மட்டும் டேப் அழுத்துங்கக்கா" என்று சொல்லிப் பார்க்கலாம். தலையாட்டிவிட்டு என்டரைத்தான் அழுத்துவார்.

இதை ஸ்கிரிப்டில் மாற்றிவிடலாமே என்று விசை அழுந்தியதும் எழும் கீடவுன் நிகழ்வைப் போட்டு வைத்தால், எழுத்து விசைகளுக்கு அது ஓடும். என்டருக்கு ஓடாது. காரணம் இதுதான். விண்டோஸில் விசைச் செய்தி டயலாக்குக்கு வருவதில்லை, அந்த நேரத்தில் ஃபோகஸ், அதாவது தட்டுவதை வாங்கும் முறை, எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதற்குத்தான் வரும். அதுவும் நேராக வருவதில்லை. டயலாக் என்றால் நடுவில் சிஸ்டத்தின் ஒரு நிர்வாகி நின்று டேப், அம்பு விசைகள், என்டர், எஸ்கேப் நான்கையும் தானே எடுத்துக்கொள்வார். டேப் வந்தால் ஃபோகஸை நகர்த்துவார், என்டர் வந்தால் டிஃபால்ட் பட்டனை அழுத்துவார், எஸ்கேப் வந்தால் கேன்சலை அழுத்துவார். மிச்சம் மீதிதான் கட்டத்துக்குப் போகும். எந்த ஸ்கிரிப்ட் மொழியை எடுத்தாலும், அது இந்த நிர்வாகியையோ அவரைப் போல் தனக்கென்று ஒருவரையோ வைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் நம் தலைவலியின் அளவு.

ஸ்கேனரும் ஒரு கீபோர்டுதான்

யுஎஸ்பி பார்கோடு ஸ்கேனரைச் செருகினால் கணினி அதைக் கீபோர்டு என்றே எடுத்துக்கொள்கிறது. கோட்டில் உள்ள எழுத்துகளைப் படபடவென்று தட்டிவிட்டு, கடைசியில் வழக்கமாக ஓர் என்டரையும் தட்டும். ஓகே பட்டன் டிஃபால்ட்டாக இருக்கும் டயலாக்கில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. "ஏனுங்க, ஸ்கேன் பண்ணுனதும் அதுவே சேவ் ஆயிருதுங்க, பீஸ் போடவே உடமாட்டீங்குது" என்று போன் வரும்.

இதைவிட மோசமானது பிழைச் செய்தி. தவறான லேபிளை ஸ்கேன் செய்ததும் "இந்தக் கார்ட்டன் ஏற்கெனவே பதிவாகிவிட்டது" என்று ஒரு மெசேஜ் பாக்ஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேக்கிங் பெண் திரையைப் பார்ப்பதில்லை, அவர் கண் கார்ட்டன் மேல் இருக்கிறது. அடுத்த லேபிளை ஸ்கேன் செய்கிறார். அந்த ஸ்கேனின் என்டர் மெசேஜ் பாக்ஸின் ஓகேயை அழுத்திவிடுகிறது. பிழையும் போயிற்று, அந்தக் கார்ட்டனின் பதிவும் போயிற்று, யாருக்கும் தெரியாது. ஆம், இல்லை என்று இரண்டு பட்டன் உள்ள பாக்ஸ் இன்னும் கொடுமை. ஃபோகஸ் எழுதும் கட்டத்தில் இல்லாமல் பட்டனில் இருக்கும்போது, பட்டனின் அடிக்கோட்டு எழுத்தை ஆல்ட் இல்லாமல் தனியாக அழுத்தினாலே விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். லேபிள் எண்ணில் 'என்' என்ற ஆங்கில எழுத்து ஒன்று இருந்தால் போதும், கேள்விக்கு ஸ்கேனரே 'நோ' என்று பதில் சொல்லிவிடும்.

ஆகவே மொழியைத் தேர்வு செய்யும் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஸ்கேனருடன் வரும் கையேட்டில், கடைசியில் அனுப்பும் விசையை மாற்ற ஒரு பார்கோடு அச்சடித்திருப்பார்கள். அதை ஸ்கேன் செய்து என்டருக்குப் பதில் டேப் என்று வைத்துவிடலாம். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஸ்கேனர் கீழே விழுந்து உடைந்தால் பக்கத்துக் கடையில் வேறொன்று வாங்கி மாட்டுவார்கள், அது மறுபடி என்டரோடு வரும். இரண்டு விதத்துக்கும் அசராத டயலாக்தான் வேண்டும். பிழையை மெசேஜ் பாக்ஸில் காட்டாமல் டயலாக்குக்குள்ளேயே சிவப்பு வரியாகக் காட்டி, ஒரு சத்தமும் கொடுத்து, எஃப்2 போல ஸ்கேனர் அனுப்பாத ஒரு விசைக்குத்தான் நகர்வேன் என்று நிறுத்தி வைக்க வேண்டும். இதை எந்த மொழி எளிதாகச் செய்ய விடுகிறது என்று இனி பார்க்கலாம்.

எக்செல் விபிஏ: எதிர்பாராத நல்ல பிள்ளை

எக்செலோடு வரும் மேக்ரோ மொழியான விபிஏ என்றாலே மென்பொருள் எழுதுபவர்கள் முகம் சுளிப்பார்கள். கீபோர்டு விஷயத்தில் அது அவ்வளவு கேவலம் இல்லை. யூசர்ஃபார்ம் என்ற அதன் டயலாக்கில் ஒரு கட்டத்தில் என்டர் அழுத்தினால் அதன் இயல்பான செயலே டேப் வரிசையில் அடுத்த கட்டத்துக்குப் போவதுதான். அதாவது ஒரு வரி எழுதாமலே டேலிப் பழக்கம் கிடைத்துவிடுகிறது. செய்ய வேண்டியது ஒன்றே: எந்தப் பட்டனுக்கும் டிஃபால்ட் என்ற பண்பை உண்மை என்று வைக்காதீர்கள். வைத்தால் என்டர் அந்தப் பட்டனுக்குப் போய்விடும், கட்டத்தின் கீடவுன் நிகழ்வே எழாது. கேன்சல் பண்பு வைத்த பட்டன் இருந்தால் எஸ்கேப்புக்கும் அதே கதி.

எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, ஆட்டோடேப் என்ற பண்பையும் போட்டால், கட்டம் நிரம்பியதும் தானே அடுத்ததற்குத் தாவும். நீளம் மாறாத கார்ட்டன் எண்ணுக்கு இது ஆசைகாட்டும். ஸ்கேனர் இருக்கும் இடத்தில் போடாதீர்கள். கட்டம் நிரம்பி ஒரு தாவல், பின்னாலேயே வரும் என்டருக்கு இன்னொரு தாவல். சைஸ் கட்டத்தைத் தாண்டிப் பீஸில் போய் நிற்கும். சைஸுக்குக் காம்போ பாக்ஸ் வைத்தால் 75, 80, 85, 90 என்ற பட்டியலில் 9 அடித்ததும் 90 என்று தானே நிரப்பிக் காட்டுவது நல்ல வசதி.

குறை எங்கே என்றால், டயலாக் முழுவதற்குமாக விசையைப் பிடிக்க வழி இல்லை. யூசர்ஃபார்மில் கீபிரிவ்யூ என்ற பண்பு கிடையாது. எஃப்2 எங்கிருந்து அழுத்தினாலும் வேலை செய்ய வேண்டும் என்றால், ஒவ்வொரு கட்டத்தின் கீடவுனிலும் எழுத வேண்டும், அல்லது கிளாஸ் மாட்யூல் ஒன்றை வைத்து எல்லாக் கட்டத்தையும் அதில் கட்ட வேண்டும். நான்கு கட்டத்துக்குப் பரவாயில்லை, பதினைந்துக்கு அலுத்துவிடும். பிடித்த விசையை மேலே போகவிடாமல் நிறுத்த, நிகழ்வோடு வரும் விசை எண்ணான கீகோடைப் பூஜ்யம் ஆக்கினால் போதும்.

தமிழ்க்காரர்களுக்கு இன்னொரு சங்கடம். விபிஏ எடிட்டருக்கு யூனிகோடு தெரியாது. "பீஸ்" என்று தமிழில் எழுதினால் கேள்விக்குறிகள்தான் நிற்கும். லேபிள்களை ஒரு ஷீட்டின் செல்களில் தமிழில் எழுதி வைத்து, ஃபார்ம் திறக்கும்போது அங்கிருந்து எடுத்துக்கொண்டால் சரியாகத் தெரியும். மின்னஞ்சலில் வந்த எக்செல் கோப்பில் மேக்ரோ ஓடவில்லை என்றால், கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் போய் அன்பிளாக் செய்ய வேண்டும். 2022 முதல் இணையம் வழி வரும் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுக்கிறது.

விபிஸ்கிரிப்ட் இன்னும் சில இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்புட் பாக்ஸும் மெசேஜ் பாக்ஸும்தான் அதன் சொத்து, விசை நிகழ்வு என்ற பேச்சே இல்லை. 2023-இல் மைக்ரோசாஃப்ட் அதற்கு ஓய்வு அறிவித்துவிட்டது. புதிதாக எதையும் அதில் தொடங்க வேண்டாம்.

பவர்ஷெல்: எல்லாம் உண்டு, ஆனால் வரிசையில் நில்

எதையும் இன்ஸ்டால் செய்யக் கூடாது என்று கம்பெனியின் ஐடி ஆள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டால் பவர்ஷெல்தான் கதி. விண்டோஸ் 10-இலேயே 5.1 பதிப்பு இருக்கிறது, அதிலிருந்து சன்னல் வரையும் நூலகமான வின்ஃபார்ம்ஸை அழைத்து முழு டயலாக் எழுதலாம். இதில் கீபிரிவ்யூ உண்டு. அதை உண்மை என்று வைத்தால் ஃபோகஸ் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் ஃபார்மின் கீடவுன் முதலில் ஓடும். எஃப் விசைகளுக்கு இதைவிட வசதி வேண்டாம்.

என்டருக்குத்தான் சிக்கல் மறுபடி வருகிறது. ஃபார்முக்கு அக்செப்ட் பட்டன் என்று ஒன்றைக் குறித்துவிட்டால் என்டரை அது விழுங்கிவிடும். கீபிரிவ்யூ இருந்தும் கீடவுனுக்கு வராது. கேன்சல் பட்டனும் எஸ்கேப்பும் அப்படியே. டேப் எப்போதும் வராது. ஃபோகஸ் ஒரு பட்டனில் இருந்தால் அம்பு விசைகளும் வராது. காரணம், வின்ஃபார்ம்ஸில் கீடவுனுக்கு முன்னால் கட்டளை விசை, டயலாக் விசை என்று இரண்டு கட்டச் சோதனை நடக்கிறது. அங்கே நுழைய வேண்டுமென்றால் சி ஷார்ப்பில் ஒரு சின்னக் கிளாஸ் எழுதி ஆட்-டைப் வழியாக உள்ளே கொண்டுவர வேண்டும். செய்யலாம். செய்த பிறகு அது ஸ்கிரிப்ட் வேலையாகத் தோன்றாது.

எளிய வழி, அக்செப்ட் பட்டனையே குறிக்காமல் விடுவது. அப்போது என்டர் கீடவுனுக்கு வரும். அங்கே அடுத்த கட்டத்துக்கு ஃபோகஸை நகர்த்திவிட்டு, சப்ரெஸ்கீபிரஸ் என்பதை உண்மை என்று வைக்க வேண்டும். அதை மறந்தால் ஒவ்வொரு என்டருக்கும் 'டிங்' என்று சத்தம் வரும். கட்டத்துக்குக் கட்டம் அந்தச் சத்தத்தைக் கேட்டால் பேக்கிங் பெண்கள் பிழை என்று நினைத்து நிறுத்திவிடுவார்கள்.

மற்றபடி இதன் தொல்லைகள் கீபோர்டுக்கு வெளியே. ஸ்கிரிப்ட் கோப்பை டபுள் கிளிக் செய்தால் ஓடாது, நோட்பேடில் திறக்கும். அதற்கென்று ஒரு ஷார்ட்கட் செய்துதர வேண்டும். பின்னால் ஒரு கன்சோல் சன்னல் நிற்கும், யாராவது அதை மூடுவார்கள், டயலாக்கும் சேர்ந்து போகும். தமிழ் எழுத்து உள்ள கோப்பை யூடிஎஃப்-8 வகையில், முன்னால் பிஓஎம் குறியோடு சேமிக்காவிட்டால் 5.1 அதைப் பழைய குறிமுறை என்று நினைத்துக் குப்பையாகக் காட்டும்.

ஆட்டோஹாட்கீ: அடுத்தவர் வீட்டுக் கதவுக்கு

இதன் முறையே வேறு. டயலாக்கின் நிர்வாகிக்குப் போகும் முன்பே, வாசலிலேயே விசையைப் பிடித்துக்கொள்கிறது. இந்தத் தலைப்புள்ள சன்னல் முன்னால் இருக்கும்போது மட்டும் என்டரை டேப் ஆக்கு என்று மூன்று வரி எழுதினால் முடிந்தது. டயலாக்கை நீங்கள் எழுதியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அதுதான் இதன் உண்மையான பலம். பையர் தரப்பில் கொடுத்த லேபிள் மென்பொருளின் டயலாக் என்டரில் மூடிக்கொள்கிறது, அதை எழுதியவர் எங்கேயோ இருக்கிறார், மாற்றித்தர மாட்டார். அந்த மாதிரி இடத்தில் இதற்கு மாற்றே கிடையாது. நம்பர் பேடில் உள்ள என்டரை வேறு விசையாக எடுத்துக்கொள்வதால், பெரிய என்டர் அடுத்த கட்டம், நம்பர் பேட் என்டர் சேவ் என்று பிரித்து வைக்கவும் முடியும். கணக்கு ஆட்களுக்கு இது பிடித்துப்போகிறது.

சொந்த டயலாக்கையும் இதிலேயே எழுதலாம். பட்டனுக்கு டிஃபால்ட் உண்டு, எஸ்கேப்புக்குத் தனி நிகழ்வு உண்டு. ஆனாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்தச் சன்னலில் என்ற நிபந்தனையை ஒரு நாள் யாராவது அழித்துவிட்டால், கணினி முழுவதும் என்டர் செத்துவிடும். பில் போடும் இடத்தில் என்டர் டேப் ஆகும், ஏன் என்று யாருக்கும் விளங்காது. அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடும் மென்பொருளின் சன்னலில், ஸ்கிரிப்டும் அதே உரிமையில் ஓடினால் ஒழிய, இது எடுபடாது. இஎக்ஸ்இ ஆக்கிக் கொடுத்தால் ஆன்டிவைரஸ் சந்தேகப்படுவதும் வழக்கம். இணையத்தில் கிடைக்கும் உதாரணங்கள் பலவும் பழைய முதல் பதிப்புக்கு எழுதியவை. 2022 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் அவை ஓடாது. இதன் அண்ணன் முறையான ஆட்டோஇட்டில் ஹாட்கீ எப்போதும் கணினி முழுவதற்கும்தான். டயலாக்குக்குள் மட்டும் வேண்டுமென்றால் ஆக்சிலரேட்டர் பட்டியல் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டும்.

டிகின்ட்டர்: நடுவில் ஆள் இல்லை

பைத்தானோடு வரும் டிகின்ட்டர் அழகில் கடைசி. விசை விஷயத்தில் எனக்கு இதுதான் முதல். 1990-களின் தொடக்கத்தில் டிசிஎல் மொழிக்காகப் பிறந்த டிகே என்ற கருவிப்பெட்டியின் மேல் நிற்பது இது. விண்டோஸின் டயலாக் நிர்வாகியை அது பயன்படுத்துவதே இல்லை. புதிதாக ஒரு சன்னலைத் திறந்து அதை மோடல் (மூடும்வரை பின்னால் உள்ளதைத் தொடவிடாதது) ஆக்கினால், என்டருக்கு எந்தச் செயலும் கிடையாது, எஸ்கேப்புக்கும் கிடையாது. பட்டனில் ஃபோகஸ் இருக்கும்போது என்டர் அழுத்தினால்கூட ஒன்றும் நடக்காது, ஸ்பேஸ் பார்தான் பட்டனை அழுத்தும். முதல் முறை பார்ப்பவர்களுக்கு இது குறையாகத் தெரியும். ஸ்கேனர் வைத்து வேலை செய்பவர்களுக்கு இது வரம். நாம் சொல்லாமல் எந்த விசையும் எதையும் மூடாது.

சொல்வதற்கும் தெளிவான வரிசை இருக்கிறது. விசை வந்ததும் முதலில் அந்தக் கட்டத்துக்கென்று கட்டிய செயல், பிறகு அந்த வகைக் கட்டங்களுக்கெல்லாம் பொதுவான செயல், பிறகு சன்னலின் செயல், கடைசியில் எல்லாவற்றுக்கும் பொதுவானது. எந்தப் படியிலும் 'பிரேக்' என்று திருப்பி அனுப்பினால் விசை அதோடு நின்றுவிடும். கன்ட்ரோல்-ஏ என்றால் பதிவு செய் என்று டேலி மாதிரி வைக்க, ஒவ்வொரு கட்டத்திலும் அதைக் கட்டி பிரேக் கொடுத்தால் போதும், உள்ளே இருக்கும் செலக்ட் செயல் எழாது. டேப்பைக்கூட இப்படிப் பிடித்து நிறுத்தலாம். எஃப்2-வைச் சன்னலில் ஒரே ஒரு இடத்தில் கட்டினால் எங்கிருந்தும் வேலை செய்யும். ஒவ்வொரு விசை நிகழ்வோடும் மில்லிசெகண்டில் நேரமும் வருவதால், எழுத்துகள் மனிதக் கைக்கு எட்டாத வேகத்தில் வந்தால் அது ஸ்கேனர் என்று கண்டுபிடித்து, அதன் என்டரை மட்டும் தனியாகக் கவனிக்கலாம். ஸ்கேனர் மாறினாலும் டயலாக் தடுமாறாது.

கவனிக்க வேண்டியவை சில. கன்ட்ரோலோடு சின்ன எழுத்து எஸ் என்று கட்டினால் கேப்ஸ் லாக் போட்டிருக்கும்போது அது எழாது, பெரிய எழுத்து எஸ்ஸையும் கட்ட வேண்டும். லினக்ஸில் நம்பர் பேட் என்டர் வேறு பெயரில் வரும், அதையும் சேர்க்க வேண்டும். டிகின்ட்டரின் மெசேஜ் பாக்ஸ் விண்டோஸில் விண்டோஸுடையதேதான். அதை அழைத்த நிமிடமே பழைய நிர்வாகி வந்து உட்கார்ந்துகொள்வார். அதனால் பிழைச் செய்திக்கு அதைத் தொடாதீர்கள். சிம்பிள்டயலாக் என்ற தயார் டயலாக்கும் என்டரையும் எஸ்கேப்பையும் முன்கூட்டியே கட்டிவைத்திருக்கும்.

பைத்தானை இன்ஸ்டால் செய்ய வேண்டும் என்பது ஒரு சுமை. அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் டிகின்ட்டர் சேர்ந்தே வருகிறது. எம்பெடபிள் என்ற சின்ன ஜிப்பில் வராது. உபுண்டுவில் தனிப் பொதியாக எடுக்க வேண்டும். லினக்ஸில் டிகே 8.6 தமிழை ஒழுங்காகக் கோத்துக் காட்டுவதில்லை, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிற்கும். விண்டோஸில் அந்தத் தொல்லை இல்லை.

பிரவுசர்: இரண்டாவது மேசை வந்தால்

ஒரு மேசை என்பது மூன்றாகி, குடோனிலும் ஒரு திரை வேண்டும் என்று ஆகிவிட்டால், எக்செல் கோப்பைப் பகிர்ந்து அடித்துக்கொள்ளாமல் பிரவுசருக்குப் போய்விடலாம். டயலாக் என்ற எச்டிஎம்எல் கூறு 2022 மார்ச் முதல் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் இருக்கிறது. மோடலாகத் திறந்தால் பின்னால் உள்ள பக்கம் முழுவதும் உறைந்துவிடும். யாராவது காலி இடத்தில் கிளிக் செய்து ஃபோகஸ் தொலைந்து போனாலும், டாக்குமென்ட் மட்டத்தில் கீடவுனைப் பிடித்து வைத்திருந்தால் ஸ்கேன் வீணாகாது. விபிஏயால் இது முடியாது.

இங்கும் ஒரு நிர்வாகி உண்டு, ஆனால் பேச்சுக் கேட்பவர். ஃபார்முக்குள் சப்மிட் பட்டன் இருந்தால், எழுதும் கட்டத்தில் என்டர் அழுத்தியதும் அது அழுந்தும், டயலாக் மூடிக்கொள்ளும். கீடவுனில் தடுத்துவிடலாம். சப்மிட் பட்டனே வைக்காமல் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக் கட்டம் இருந்தாலும் என்டர் சும்மா இருக்கும். எஸ்கேப் அழுத்தினால் முதலில் கேன்சல் என்ற நிகழ்வு வரும், அதைத் தடுத்தால் மூடாது. முழுக்க நம்ப வேண்டாம். நடுவில் வேறெதுவும் செய்யாமல் மறுபடி எஸ்கேப் அழுத்தினால் குரோம் மூடித்தான் தீரும். கன்ட்ரோல்-டபிள்யூ, கன்ட்ரோல்-என் போன்றவற்றைச் சாதாரண பிரவுசர் டேப்பில் பிடிக்கவே முடியாது. விசையை அழுத்திப் பிடித்தால் திரும்பத் திரும்ப வருவதை ரிப்பீட் என்று இது சொல்லிவிடுவது கனத்த விரல்காரர்கள் இருக்கும் இடத்தில் பெரிய உதவி.

ஈரோட்டு மஞ்சள் மண்டிக் கணக்கு மாதிரி, தமிழிலேயே பெயர் தட்டும் இடங்களுக்குப் பிரவுசரில் ஒரு தனி நுட்பம் இருக்கிறது. விவசாயி பெயரைத் தமிழ் 99-இல் தட்டிவிட்டு, விரலிக்கு 'வி', கிழங்குக்கு 'கே' என்று ஆங்கில விசை ஒன்றை அழுத்தச் சொல்கிறீர்கள். கீபோர்டு இன்னும் தமிழில்தான் இருக்கிறது. கே இருக்கும் இடத்தில் ம வரும், ஸ்கிரிப்ட் திகைத்து நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் விசை நிகழ்வு இரண்டு தகவல் தருகிறது: எந்த எழுத்து வந்தது என்பது ஒன்று, கீபோர்டில் எந்த இடத்து விசை அழுந்தியது என்பது இன்னொன்று. இரண்டாவதைப் பார்த்தால் எந்த மொழியில் இருந்தாலும் கே விசை கே விசைதான். பழைய கீகோடு எண்ணை வைத்து எழுதிய உதாரணங்களைக் காப்பி அடிக்காதீர்கள், அது கைவிடப்பட்ட முறை.

ஒடிசா, பீகார் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பேக்கிங்கில் இருந்தால் லேபிள்களை இந்தியிலும் ஒடியாவிலும் மாற்றிக்காட்டுவதும் பிரவுசரில்தான் எளிது. எழுத்து உடையாது. விலை என்னவென்றால், பின்னால் சேமிக்க ஒரு சின்ன சர்வர் எப்போதும் ஓட வேண்டும். அது நின்றால் மூன்று மேசையும் நிற்கும்.

எதை எடுப்பது

என்னைக் கேட்டால், ஒரு கணினி, ஒரு ஸ்கேனர் உள்ள பேக்கிங் மேசைக்கு டிகின்ட்டர். ஸ்கேனர் இல்லாமல், பதிவேடே எக்செலில் இருந்து, ஒருவர் மட்டும் அடிப்பதாக இருந்தால் விபிஏ. வேறு எதையும் தேட வேண்டாம். மேசைகள் கூடினாலோ தமிழில் நிறையத் தட்ட வேண்டியிருந்தாலோ பிரவுசர். பவர்ஷெல்லை விரும்பி எடுக்க மாட்டேன், இன்ஸ்டால் செய்ய அனுமதி இல்லாத இடத்தில் மட்டும். ஆட்டோஹாட்கீயை எனக்குச் சொந்தமில்லாத டயலாக்குகளுக்கு மட்டும்.

எதை எடுத்தாலும் ஒப்படைக்கும் முன் கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டு ஒரு லேபிளை ஸ்கேன் செய்து பாருங்கள். ஸ்கேனர் தட்டுவதும் கீபோர்டு எழுத்துதான் என்பதால், சில ஸ்கேனர்களில் பெரிய எழுத்து சின்ன எழுத்தாக மாறி வரும். கார்ட்டன் எண் பட்டியலில் இல்லை என்று டயலாக் சாதிக்கும். வாங்கியதும் எண்ணைப் பெரிய எழுத்தாக மாற்றிய பிறகே தேட வேண்டும். ஒரு வரி வேலை, எல்லா மொழியிலும் உண்டு.